பதினொரு மணிக்கு முன் வந்த ஆறு பேர்

நாங்கள் எழுதிய ஒரு மாணவர் சேர்க்கைப் பதிவு இணையதளத்துக்கு எங்கள் அலுவலகத்தில் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று என் மேசைக் கணினியில். அதை லோக்கல் என்போம். அதை நான் மட்டும்தான் பார்க்க முடியும். உடைக்கலாம், திருத்தலாம், பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இன்னொன்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஏசி போட்ட சின்ன அறையில் இருந்த சர்வரில். அது லைவ். அதற்கு வெளியுலகத்தோடு கம்பித் தொடர்பு உண்டு. லோக்கலில் ஒழுங்காக ஓடிய பிறகுதான் ஒரு கோப்பு லைவுக்குப் போகும். எதை, எந்த வரிசையில், எந்த வரியை மாற்றி ஏற்ற வேண்டும் என்று ஒரு நோட்டில் எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். மொத்தம் இருபத்து மூன்று படிகள். கடிகாரத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

2004 ஜூன் மாதம். புணேயின் கட்கிப் பகுதியில் ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளி. அதன் முதல்வர் செல்வமேரி சிஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாகப் புணேயில் இருப்பவர். முதல் சந்திப்பிலேயே அவர் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார்.

"சிபாரிசு லெட்டர் என் மேசையில ஒரு கட்டு கெடக்கு தம்பி. எம்.எல்.ஏ. எழுதறார், ஃபாதர் எழுதறார், போர்டு மெம்பர் எழுதறார். ஹாஸ்டல்ல இருக்கறது நாப்பது கட்டில். அறுபது பர்சென்ட்டுக்கு மேல வாங்கினவங்க எல்லாரும் எனக்கு ஒண்ணுதான். அதுல யாரு முன்னால பதியறாங்களோ அவங்களுக்கு சீட்டு. கடிகாரத்துக்கு யாரும் லெட்டர் குடுக்க முடியாதுல்ல?"

அதன்படி ஏற்பாடாயிற்று. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதிவு திறக்கும். எந்த சைபர் கஃபேயிலிருந்தும் பதியலாம். பதிந்ததும் ஒரு எண் போட்ட ரசீது வரும், அதை அச்செடுத்துக்கொள்ளலாம். முதல் நாற்பது பேரின் பட்டியல் மத்தியானம் இரண்டு மணிக்குப் பள்ளி வாசலில் ஒட்டப்படும்.

பதினொரு மணிக்கு முன்னால் யார் வந்தாலும் "பதிவு இன்னும் தொடங்கவில்லை" என்ற பக்கம்தான் தெரியும்படி நான் எழுதியிருந்தேன். சர்வரின் கடிகாரம் பதினொன்று காட்டினால் கதவு திறக்கும். அதற்கு வேறு சாவியே கிடையாது, எனக்கும் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இந்தக் கதவு சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க, லோக்கலில் என் கணினியின் கடிகாரத்தை முன்னால் தள்ளுவேன். திறக்கும். பின்னால் இழுப்பேன். மூடும். மூன்று வாரமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இதைச் செய்தேன். கை பழகிவிட்டது.

அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர்தான். முதலாளி ஸ்வாமிநாதன் சார், வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வந்த பணத்தில் அதே ஊரின் பாணேர் பகுதியில் இந்த அலுவலகத்தைத் தொடங்கியவர். சோதனை பார்ப்பதும் வாடிக்கையாளர்களோடு பேசுவதும் கிருபாவதி அக்கா. கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா இன்பநாதன் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி. மூன்றாவது ஆள் நான், கந்தசாமி, சங்கரன்கோவில்.

வேலை தொடங்கிய வாரமே அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். "கந்தா, என் தங்கச்சி ரியா இந்த நர்சிங்குக்குப் போடறா. அறுபத்தெட்டு பர்சென்ட். நான் சாருக்குச் சொல்லலை. சொன்னா சிஸ்டர்கிட்ட பேசட்டுமான்னு ஆரம்பிப்பார். அவ மத்தவங்க மாதிரியே வரிசையில வரட்டும். நீயும் எதுவும் சொல்லாத, எனக்கும் எதுவும் சொல்லாத."

"சரிக்கா" என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஸ்வாமிநாதன் சார் ஒரு சீப்பு வாழைப்பழம், கற்பூரம், குங்குமச் சிமிழோடு சர்வர் அறைக்குள் வந்தார். சர்வர் பெட்டிக்குப் பொட்டு வைத்தார்.

"மணி என்னடா?"

"பத்து அஞ்சு, சார்."

"பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும். பன்னண்டு வரைக்கும் இருக்கு. பத்தரைக்கு முன்னாலயே முதல் என்ட்ரி விழுந்தாகணும்."

"பதினொண்ணுக்குத்தான் சார் திறக்கும்."

"அது ஊருக்கு. நமக்கு ஒண்ணே ஒண்ணு போட்டுடு. போன தடவை அந்த லாரிக்காரனோட வேலையை ராகுகாலத்துல ஆரம்பிச்சு, ஆறு மாசம் நாய் படாத பாடு பட்டேன். மறுபடி என்னால ஆகாது. சிஸ்டர்கிட்ட வேற டைம் கேட்டா, அவாளுக்கு ராகுகாலமாவது எமகண்டமாவது!"

கிருபா அக்கா வாசலில் நின்று சிரித்தார். "சார், கற்பூரத்தைக் கீழ வச்சிக் கொளுத்துங்க. மேல ஸ்மோக் அலாரம் இருக்கு."

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. விசைப்பலகையை இழுத்து, சர்வரின் கடிகாரத்தைப் பதினொன்றுக்குத் தள்ளினேன். அப்போது சுவர்க் கடிகாரத்தில் பத்து பன்னிரண்டு. பதிவுப் பக்கம் திறந்தது. சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பெயர்: மகாலட்சுமி. மதிப்பெண்: நூறு சதவீதம்.

"மகாலட்சுமிக்கே நர்ஸ் சீட்டா? பாப்ரே! பேஷன்ட் எல்லாம் பிழைச்சுப்பாங்க சார்" என்றார் அக்கா.

ரசீது வந்தது. பதிவு எண் ஒன்று. சார் கற்பூரம் காட்டி, எனக்கும் அக்காவுக்கும் பழம் கொடுத்தார். பழத்தைத் தின்று, கையைத் துடைத்து, கடிகாரத்தை மறுபடி சரியான நேரத்துக்கு இழுத்து வைத்தேன். அப்போது பத்து இருபத்தொன்று. கதவு மூடிக்கொண்டது.

பதினொரு மணிக்குத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். எண்ணிக்கை குபுகுபுவென்று ஏறியது. ஐந்து நிமிடத்தில் நாற்பதைத் தாண்டிவிட்டது. பதினொன்றரைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரு தடவைகூட சர்வர் திணறவில்லை. சார் என் தோளில் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

அக்காவின் கைப்பேசி அடித்தது. இன்பநாதன் மாமா. அவர் குரல் எனக்கே கேட்டது.

"ஏ கிருபா! நம்ம ரியாவுக்கு அஞ்சாம் நம்பர் கெடைச்சிட்டுல்லா! ஒம்பதரைக்கே போயி கஃபேயில உக்காந்துட்டா பிள்ளை. ரசீதை எடுத்துக்கிட்டு வீட்டுக்கே போயிட்டா. நான் இங்க பாக்டரில எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

அக்கா கண்ணை மூடி ஒரு நொடி நின்றார். "தேங்க்ஸ் யேசப்பா" என்று முணுமுணுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ எதுவும் பண்ணலைதானே?" என்றார்.

"நான் என்னக்கா பண்ணினேன்?" என்றேன். அப்படிச் சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

நோட்டில் இருபத்திரண்டாம் படி, பட்டியல் எடுக்கும் முன் சோதனைப் பதிவுகளை நீக்குவது. பதினொன்று நாற்பதுக்கு உட்கார்ந்து, மகாலட்சுமியைத் தேடி முதல் பத்து வரிசைகளைத் திரையில் கொண்டுவந்தேன். எண் ஒன்று, மகாலட்சுமி, பதினொன்று அடித்து ஒரு நிமிடம். சரி. எண் இரண்டில் ஒரு மராட்டிப் பெண்ணின் பெயர், பதினொன்று இரண்டு. எண் ஐந்து, ரியா இன்பநாதன், பதினொன்று ஐந்து. எண் ஏழு, ஜமீலா, பதினொன்று எட்டு. எண் எட்டு, இன்னொரு பெண், பதினொன்று அடித்து நான்கு விநாடி.

ஏழாவதாக வந்தவள் பதினொன்று எட்டுக்கும், எட்டாவதாக வந்தவள் பதினொன்றுக்கும் எப்படி வர முடியும்?

என் மேசைக் கணினியில் கடிகாரத்தை மாற்றினால் கதவு எனக்கு மட்டும் திறக்கும். இங்கே ஊருக்கே திறந்திருக்கிறது. சர்வரின் பின்னால் இருந்த அந்த ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டு மாற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. லோக்கலில் பிடுங்குவதற்குக் கம்பியே கிடையாது. அதனால் பிடுங்கும் பழக்கமும் இல்லை. சார் எழுத்துக் கூட்டித் தட்டி, கற்பூரம் காட்டி, நான் பழம் தின்று முடித்த அந்த ஒன்பது நிமிடத்தில், காலையிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஆறு பெண்கள் உள்ளே வந்து பதிந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார்.

"லிஸ்ட் டைம் வச்சுத்தானே வரும்?"

"ஆமாக்கா. நாப்பதாவது ஆள் பதினொண்ணு நாலு நிமிஷம் அம்பது செகண்ட். இப்படியே விட்டா அந்த ஆறு பேர்ல முதல் மூணு பேர் உள்ள இருப்பாங்க. ரியா, அப்புறம் ரெண்டு பேர் வெளிய."

"நம்பர் வச்சு எடுத்தா?"

"ஆறு பேரும் உள்ள. பதினொண்ணுக்குச் சரியா வந்தவங்கள்ல கடைசி ஆறு பேர் வெளிய."

"சிஸ்டர் போட்ட ரூல் வச்சா?"

"ஆறு பேர் பதிவும் செல்லாது."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அரே, ஒரு வாழைப்பழம் தின்ன நேரம்" என்றார்.

ஸ்வாமிநாதன் சார் காபி டம்ளரோடு வந்தார். நான் சொல்லச் சொல்ல, டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வங்கியில் முப்பது வருடம் இருந்த மனிதர். ஒரு தப்பு எவ்வளவு தூரம் போகும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும்.

"ஆறையும் அழிச்சுடு" என்றார்.

"சார், ரசீது அவங்க கையில இருக்கு."

"டெஸ்ட் என்ட்ரின்னு சொல்லிக்கலாம். மெஷின்ல வராத ரசீதுக்கு யார் என்ன பண்ண முடியும்?"

"அவங்க நிஜப் பிள்ளைங்க சார்."

"எனக்குத் தெரியாதாடா? ராகுகாலம் பாத்து சர்வர் டைமை மாத்தினேன்னு அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லச் சொல்றியா? அடுத்த வருஷம் அவாளோட மூணு பள்ளிக்கூடமும் நமக்கு வரப் போறது. ஊர் சிரிக்கும்." அப்போதுதான் திரையைக் குனிந்து படித்தார். "இன்பநாதன்னு போட்டிருக்கே. யாரிது?"

அக்கா திரையிலிருந்து திரும்பினார்.

"என் தங்கச்சி சார்" என்றார் அக்கா.

சார் நிமிர்ந்தார். முகம் மாறிவிட்டது. "ஓஹோ. நான் கற்பூரம் காட்டிண்டிருந்தப்போ நீ வாசல்ல நின்னே. போன் பண்ணி, இப்ப திறந்திருக்கு போடுன்னு சொன்னியா?"

அக்கா கைப்பேசியை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தார். "கால் லிஸ்ட் இருக்கு சார். காலையிலேர்ந்து பாருங்க."

சார் அதைத் தொடவில்லை. நான் சர்வரின் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். யார் எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும் ஒரு வரி அதில் விழும். ரியா உட்கார்ந்திருந்த சைபர் கஃபேயின் முகவரியைப் போட்டுத் தேடினேன். ஒன்பது முப்பத்தொன்றிலிருந்து அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அவள் தட்டியிருக்கிறாள். எண்பத்திரண்டு தடவை மூடிய பக்கம். எண்பத்து மூன்றாவது தடவை திறந்திருக்கிறது.

"முன்னாலயே தெரிஞ்சிருந்தா எம்பத்தி ரெண்டு தடவை எதுக்கு சார் தட்டணும்?" என்றேன்.

சார் தலையைத் துடைத்துக்கொண்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "அப்படின்னா இன்னும் நல்லதாப் போச்சு. அவ தங்கை பேரு லிஸ்ட்ல இருந்தாத்தான் நாளைக்குப் பேச்சு வரும். அழிச்சுட்டா வராது. கிருபா, கந்தசாமி மாட்டேங்கறான். நீ அழி. உனக்கும் பாஸ்வேர்ட் தெரியுமே."

அவர் அதைக் கொடூரமாகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்தார். விசைகளைத் தட்டினார். ஆறு வரிசைகளும் திரையில் தனியாக வந்து நின்றன. அவர் விரல் விசைப்பலகையின் மேல் அப்படியே இருந்தது. நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு விசை அழுத்தினால் போதும். அழித்தால் தங்கை போனாள். அழிக்காவிட்டால் தங்கைக்காக அழிக்கவில்லை என்று ஆகும்.

"சார், என் தங்கச்சி பேரை நானே அழிக்கறேன். பரவாயில்லை. மத்த அஞ்சு பேரு? அவங்க அக்கா யாரும் இங்க வேலை பாக்கலையே. அவங்களுக்காக யார் வந்து உங்ககிட்ட பேசுவாங்க?"

பக்கத்தில் பிரிண்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. அவர் அழுத்தியது அச்சு விசை. ஆறு வரிசைகள், அதன் பின்னால் வருகைப் பதிவேடு, பக்கம் பக்கமாக வந்தன. அவற்றை எடுத்து அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"நீ போய் சிஸ்டர்கிட்ட குடு. நான் வந்தா தங்கச்சிக்கு வந்த மாதிரி ஆயிடும்."

"போறதுன்னா போ" என்றார் சார். "கம்பெனி லெட்டர்ஹெட்ல ஒரு வரி எழுதக் கூடாது. என் பேரு வரக் கூடாது."

வெள்ளைத் தாளில்தான் எழுதினேன். எங்கள் பள்ளியில் தமிழாசிரியர் விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தபடி, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு எழுதினேன். "இன்று காலை 10.12 மணிக்கு சர்வரின் கடிகாரத்தை 11.00 மணிக்கு மாற்றியவன் நான். 10.21 மணிக்கு மீண்டும் சரி செய்தேன். இடைப்பட்ட ஒன்பது நிமிடத்தில் பதிவு திறந்திருந்தது எனக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். அப்போது பதிந்த ஆறு பேரின் விவரம் இணைத்துள்ளேன். இவர்களில் ஐந்தாம் எண் ரியா இன்பநாதன் என்னுடன் பணிபுரியும் கிருபாவதியின் தங்கை. இவர்களில் எவருக்கும் கதவு திறக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது; அதற்கான சான்றும் இணைத்துள்ளேன்." ஏன் மாற்றினேன் என்று எழுதவில்லை. அது வேறொருவர் பெயரில்லாமல் எழுத முடியாத வாக்கியம்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். யூனிவர்சிட்டி சர்க்கிளில் மழை பிடித்துக்கொண்டது. தாள்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் செருகியிருந்தேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கையை வைத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கட்கி ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் தேங்கி லாரிகள் நின்றுவிட்டன. ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளி வாசலை அடைந்தபோது ஒன்று நாற்பது.

வாசலில் குடைகளும் ரெயின்கோட்டுகளுமாக ஐம்பது அறுபது பேர். இன்பநாதன் மாமாவும் இருந்தார். ஆலையில் அரை நாள் விடுப்பு எடுத்திருக்க வேண்டும். சீருடைச் சட்டையோடு நின்றார். பக்கத்தில் ரியா. ரசீதை நனையாமல் ஒரு பாலிதீன் உறையில் போட்டுப் பிடித்திருந்தாள்.

"கந்தசாமி தம்பியா? லிஸ்ட்டு நீதான் கொண்டாரியா?" என்று கத்தினார் மாமா. நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

சிஸ்டர் மேசையில், தளத்திலிருந்து அச்செடுத்த நாற்பது பேர் பட்டியல் ஏற்கெனவே இருந்தது. "வா தம்பி. இப்பத்தான் ஸ்வாமிநாதன் சார் போன் பண்ணினார். ஆறு டெஸ்ட் என்ட்ரி இருக்குதாம், அதை விட்டுட்டு லிஸ்ட் போடச் சொன்னார்."

என் சட்டையிலிருந்து தண்ணீர் அவர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பையைப் பிரித்துக் கடிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு இணைப்புகளைப் படித்தார். பிறகு மறுபடி கடிதத்தை எடுத்தார்.

"எதுக்கு மாத்தின?"

"முதல் பதிவு பத்தரைக்குள்ள போடணும்னு, சிஸ்டர். நல்ல நேரம் பாத்து."

"நீ பாத்தியா?"

தரையில் சொட்டிய தண்ணீரைக் காலால் தேய்த்தேன்.

"சரி. கை உன்னோடது" என்றார். அவர் குரல் உயரவே இல்லை. "நான் கடிகாரத்தை நம்பினேன், எல்லா லெட்டரையும் திருப்பி அனுப்பிட்டு. போர்டு மெம்பர் என்கூடப் பேசறதில்லை இப்ப. கடைசியில கடிகாரத்துக்கே சிபாரிசு பண்ணியிருக்கீங்க."

"சிஸ்டர், ஒண்ணு மட்டும் பாருங்க." பதிவேட்டைக் காட்டினேன். "அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை தட்டியிருக்காங்க. நான் தொடாம இருந்திருந்தா பதினொண்ணுக்கு முதல் நிமிஷத்துலயே இவங்க ஆறு பேரும் உள்ள வந்திருப்பாங்க."

"வந்திருப்பாங்க. ஆனா வரலையே. ஏன் வரலை? ரசீது கெடைச்சிட்டுன்னு எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க." அவர் பென்சிலால் மேசையைத் தட்டினார். "பதினொண்ணுன்னு நான் போர்டுல எழுதிப் போட்டேன். அதை நம்பிச் சரியா பதினொண்ணுக்கு வந்தவளை நான் எந்தக் காரணம் சொல்லி வெளிய அனுப்பட்டும்? நீயே சொல்லு. ஆறு பேரை உள்ள எடுக்கணும்னா ஆறு பேர் போகணும். யாரை அனுப்பலாம்?"

நான் நாற்பது பெயர்களையும் பார்த்தேன். முப்பத்தைந்திலிருந்து நாற்பது வரை ஒவ்வொரு பெயராகப் படித்தேன்.

"எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டுத் திங்கக்கிழமை புதுசா வைக்கலாமா சிஸ்டர்?"

"வெளிய பாரு. சதாராவுலேர்ந்து பஸ் ஏறி வந்தவ இருக்கா. நாப்பது பேர் ஜெயிச்சிட்டோம்னு நிக்கறாங்க. உன்னோட ஒன்பது நிமிஷத்துக்கு அவங்க ஏன் மறுபடி ஓடணும்?" கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐம்பத்து நான்கு. "பதினொண்ணுக்கு அப்புறம் வந்த முதல் நாப்பது பேர் லிஸ்ட். இந்த ஆறு பேரும், வந்த வரிசைப்படியே, வெயிட்டிங் லிஸ்ட்ல தலையில. ஹாஸ்டல்ல யாராவது வரலைன்னா இவங்களைத்தான் முதல்ல கூப்பிடுவேன். அதுக்கு மேல என்னால முடியாது."

"போன வருஷம் எத்தனை பேர் வராம இருந்தாங்க சிஸ்டர்?"

"ரெண்டு பேர்."

ரியா காத்திருப்பில் நான்காவது.

அவர் பட்டியலில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "நீதான் ஒட்டணும். ஒட்டிட்டு ஓடக் கூடாது. அந்த ஆறு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன நடந்ததுன்னு நீயே சொல்லணும். டெஸ்ட் என்ட்ரின்னு சொல்லிடாதே."

பசை டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பட்டியலை ஒட்டியதும் கூட்டம் என்னை முட்டித் தள்ளியது. யாரோ கத்தினார்கள், யாரோ கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் அடங்கும் வரை சுவரோரம் நின்றேன். பிறகு என்னிடமிருந்த தாளைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டேன். முதல் மூன்று பேரும் மராட்டிப் பெண்கள். எனக்குத் தெரிந்த இந்தியில் ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னேன். ஒருத்தி அழுதாள். ஒருத்தியின் அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்தார், பக்கத்திலிருந்தவர்கள் இழுத்துவிட்டார்கள். மூன்றாவது பெண் ரசீதை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

நான்காவதாக ரியாவைக் கூப்பிட்டேன். இன்பநாதன் மாமா கூடவே வந்தார். பட்டியலை அவர் பார்த்துவிட்டிருந்தார்.

"என்னடே இது? அஞ்சாம் நம்பர் சீட்டு கையில இருக்கு. பேரைக் காணோம்!"

சொன்னேன். பத்து பன்னிரண்டு, பத்து இருபத்தொன்று, எல்லாம் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமாக இருந்தது.

"எங்க பாக்டரில சங்கை முக்கா மணி நேரம் முன்னால ஊதினா, ஊதினவன் வேலை போகும்லே, உள்ள வந்தவன் வேலை போகாது!" ரியாவின் கையிலிருந்த ரசீதைக் காட்டினார். "கிருபாவுக்குத் தெரியுமா? அவளுக்குத் தெரிஞ்சுமா நீ வந்து நிக்க?"

"அக்காதான் மாமா என்னை அனுப்பினாங்க."

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரியா அவ்வளவு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயது. வீட்டில் மட்டும் தமிழ் பேசிப் பழகியவள்; வார்த்தையைத் தேடித் தேடித்தான் பேசினாள்.

"அண்ணா, நான் ஏதாவது கலத் பண்ணேனா?"

"இல்லம்மா. நீ எந்தத் தப்பும் பண்ணலை. தப்பு முழுக்க என்னோடதுதான்."

"மிஸ்டேக் உங்களோடதுன்னா," என்றாள், கோபமே இல்லாமல், கணக்குப் பாடத்தில் ஒரு வரி புரியாதவள் கேட்பதுபோல, "சீட் மட்டும் எனக்கு எப்படிப் போச்சு?"

நான் அவளுக்குக் காத்திருப்புப் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். நான்காவது இடம், போன வருடம் இரண்டு பேர் வரவில்லை, இந்த வருடம் எத்தனையோ தெரியாது என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. மாமா அவள் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். மழையில் குடையை விரிக்க மறந்து இரண்டு பேரும் நடந்தார்கள்.

என் கையில் இருந்த தாளில் இன்னும் இரண்டு பெயர்கள் இருந்தன. ஆறாம் எண்காரியைக் கூப்பிட்டேன், வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன், வரவில்லை. எப்படியாவது அவள் வீட்டைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். கடைசிப் பெயர் ஜமீலா. தேஹு ரோட்டிலிருந்து ரயிலில் வந்தவள். அம்மாவோடு வாசல் கம்பியை ஒட்டி நின்றுகொண்டு, மற்றவர்களுக்கு நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. நான் கூப்பிடுவதற்கு முன்பே ரசீதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அப்படியும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் வந்து என் முன்னால் நின்றாள். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.